சிறுவர்களுக்கான முதல் மாதிரி ரயில்: ஒரு வளையப் பாதை அமைக்கும் முறை

மாதிரி ரயிலில் பிள்ளைகளுக்கு ஆர்வம் நிலைக்க வேண்டுமானால், முதல் வாரத்தில் ரயில் தடங்கலின்றி ஓடியாக வேண்டும். மலை, சுரங்கம், நிலையம் எல்லாவற்றையும் பிறகு அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி, அளவைத் தேர்ந்தெடுப்பது. எட்டு வயதைக் கடந்தவர்களுக்கு நான் எச்ஓ (HO) அளவையே பரிந்துரைப்பேன். இது 1:87 விகிதம். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் 21.3 மீட்டர் பெட்டி இந்த அளவில் ஏறத்தாழ 24.5 செ.மீ. ஆகிவிடும். 1:160 விகிதத்திலுள்ள ‘என்’ (N) அளவு இடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், 9 மி.மீ. பாதையில் சக்கரங்களைப் பொருத்தி வைப்பது சின்னக் கைகளுக்குச் சிரமம்.

இரண்டாவது, பலகை. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் போதும். 18 அங்குல ஆரமுள்ள வளைவு அதில் தாராளமாக அடங்கும். நடுப்பகுதி பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டுமென்பதால் பலகையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கம்பள விரிப்பின் மேல் பாதை போடவே கூடாது. நூலிழைகள் எஞ்சினின் பற்சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, தண்டவாளத் துண்டுகளை இணைப்பது. இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். எஞ்சினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளங்களின் வழியாகவே செல்வதால், இணைப்பு ஒவ்வொன்றும் மின்பாதையின் ஒரு கண்ணியாகும். இரண்டு துண்டுகளை இணைக்கும் சிறு உலோகக் கவ்வியான ஜாயினருக்குள் நுழைய வேண்டிய தண்டவாளம் சில சமயம் அதன் மேலேறி உட்கார்ந்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு, விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். ஆகவே பிள்ளையையே ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஜாயினரைக் குறடால் இலேசாக நெருக்கினால் போதும். பாதைக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலருக்கு எதிர்ப்புறத்தில் ரயில் வேகம் குறைந்தால், அதிலிருந்து அங்கும் ஒரு ஜோடி ஒயரை இணையுங்கள். சிவப்பு ஒயர் இரண்டு இடங்களிலும் ஒரே தண்டவாளத்தில்தான் இருக்க வேண்டும்.

தண்டவாளத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பெரியவர்கள் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு விரைவில் படியும். அதன்பின் கன்ட்ரோலரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: வாசகர்கள் இரண்டு சிக்கல்களைக் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட்டின் அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை நம் 230 வோல்ட் இணைப்பில் செருகக் கூடாது. மற்றொன்று, வளையத்தின் குறுக்கே மூலைவாட்டில் ஒரு பாதை போட்டதும் மின்சாரம் துண்டிக்கப்படுவது. ரயில் திரும்பி எதிர்த்திசையில் அதே பாதையை அடைவதால், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு தண்டவாளத்தின் மேல் விரலை வைத்துப் பாதை நெடுகப் போய்ப் பாருங்கள். புறப்பட்ட இடத்தில் விரல் மறு தண்டவாளத்தில் வந்து நின்றால், அந்தக் குறுக்குப் பாதையை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.