குதிரை வண்டிக்கு லைட் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

குதிரை வண்டிக்கு லைட் மாட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காரை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். கோளாறே அங்குதான். காரில் எஞ்சின் ஓட ஓட பேட்டரி நிரம்பிக்கொண்டே இருக்கும். இங்கே கிளம்பும்போது பேட்டரியில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் வீடு திரும்ப வேண்டும்.

அதனால், சும்மா கிடக்கிறதே என்று பழைய கார் பேட்டரியைத் தூக்கி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். ஸ்டார்ட்டரைச் சுற்ற சில நொடி பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது அது, தினமும் காலியாகி நிரம்பும் வேலைக்கு வைத்தால் சீக்கிரமே படுத்துவிடும். அடிக்கடி ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகை வாங்குங்கள். அதுவும் மூடிய வகையாக இருக்கட்டும், குலுங்கும் வண்டியில் ஆசிட் சிந்தக்கூடாது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் நிறைய நாள் உழைக்கும். லைட்டை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி போய்விட்டது.

அடுத்தது பல்பு. முன்னால் 21 வாட் இரண்டு, பின்னால் 5 வாட் இரண்டு, மொத்தம் 52 வாட், அதாவது 4 ஆம்பியருக்கு மேல். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி 4 மணி நேரத்தில் காலி. எல்லாவற்றையும் எல்இடி ஆக்கி 8 வாட்டுக்குள் முடித்தால் அதே பாதி ஒரு நாள் முழுக்க வரும். ஆனால் ஒன்று, பழைய பல்பு மஞ்சளாக மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும், கரண்டை ஒரே அளவில் வைக்கும் டிரைவர் சர்க்யூட் உள்ள எல்இடி கடைசி வரை பளிச்சென்று எரிந்துவிட்டு நடு ரோட்டில் பொசுக்கென்று அணையும். ஒரு சின்ன வோல்ட்மீட்டரைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினால் அதை விட்டு விட்டு எரிய வைக்கும் பிளாஷரையும் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்ற வேண்டும்.

சக்கரத்தில் கார் ஆல்டர்னேட்டரை (சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) மாட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 64 சுற்றுதான். ஆல்டர்னேட்டர் உருப்படியாக சார்ஜ் கொடுக்க ஆயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் கூட்டினாலும் அந்த இழுவை குதிரையின் கழுத்தில்தான் விழும், வண்டி நின்றால் சார்ஜும் நின்றுவிடும்.

வயரிங்கிலும் கார் பழக்கம் வேண்டாம். காரில் இரும்பு பாடியே நெகட்டிவ் வயராக வேலை செய்யும்; மர பாடியில், ஃபைபர் பாடியில் அந்த பாடி எர்த் கிடையாது, ஒவ்வொரு லைட்டுக்கும் நெகட்டிவ் வயரைத் தனியாக இழுக்க வேண்டும். பாசிட்டிவில் ஃபியூஸை பேட்டரியை ஒட்டியே போடுங்கள். அதை லைட் பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது எரியப்போவது ஃபியூஸ் அல்ல, வயரும் மரமும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் குலுக்கலில் நிற்காது. முன் அச்சு திரும்புகிற இடத்தில் வயரைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், வண்டியை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகு கட்டுங்கள். அப்புறம், ஏர்க்கால் பக்கம் வயர் தொங்கவே கூடாது. நிற்கிற நேரத்தில் குதிரை அதை மென்று பார்க்கும்.