பணம் கட்டும் முன்: வெளிநாட்டு விமானப் பயிற்சிப் பள்ளியை எடைபோடுவது எப்படி

“கமர்ஷியல் பைலட் ஆகணும், எந்த நாட்டுக்குப் போகலாம்?” என்றுதான் என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். நான் விமானப் பயிற்றுநர். பள்ளிகளை விளம்பரத்தில் பார்த்தவன் இல்லை, உள்ளே இருந்து பார்த்தவன். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் இன்னொரு கேள்வியைத்தான் பதிலாக வைக்கிறேன்: படித்து முடித்து எந்த நாட்டில் பறக்கப் போகிறீர்கள்?

இது ஏன் முதலில் என்றால், பைலட் லைசென்ஸ் ஒரு நாட்டின் அரசு கொடுப்பது. 1944-ல் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் கீழ் கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் ஒரே குறைந்தபட்சத் தரத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் பொதுவாக ஒரு நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் பதிவான விமானத்தை அப்படியே ஓட்ட முடியாது. மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கே தேர்வு உண்டு, மருத்துவம் உண்டு, சில இடங்களில் மறுபடியும் விமானத்தில் ஏறிச் செய்துகாட்ட வேண்டியும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசாவின் லைசென்ஸும் பிரிட்டனின் லைசென்ஸும் ஒன்றுதான் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2021 ஜனவரியிலிருந்து இரண்டும் தனித்தனி. பிரிட்டனில் படித்துவிட்டு ஸ்பெயினில் வேலை தேடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே பள்ளிகளின் இணையதளத்தைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை அச்செடுத்துக் கையில் வையுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் தனிப் பொறுப்பில் எத்தனை, கிராஸ் கன்ட்ரி (வேறு விமான நிலையங்களுக்குப் பறந்து போவது) எத்தனை, இரவில் எத்தனை, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது எத்தனை, சிமுலேட்டரில் எத்தனை வரை கணக்கில் எடுப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் பார்ட் 61 விதிப்படி கமர்ஷியல் லைசென்ஸுக்கு 250 மணி நேரம். பார்ட் 141 அனுமதி பெற்ற பள்ளியில் பாடத்திட்டப்படி படித்தால் 190 மணி நேரத்திலேயே முடிக்கலாம். குறைவாயிற்றே என்று மகிழ்ந்து 190-ல் முடித்துவிட்டு, 200 மணி நேரம் கேட்கிற நாட்டுக்குத் திரும்பினால் மிச்சப் பத்து மணி நேரத்துக்கு அலைய வேண்டியதுதான். உங்கள் நாட்டுப் பட்டியலைப் பள்ளிக்கு அனுப்பி, “இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்கள் பாடத்திட்டத்தில் எங்கே நிறைவேறுகிறது?” என்று கேளுங்கள். வரி வரியாகப் பதில் அனுப்புகிற பள்ளி வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய பள்ளி. “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாக வரும்” என்று எழுதுகிற பள்ளியை ஓரமாக வையுங்கள்.

அதே நேரத்தில் கமர்ஷியல் பைலட்டுக்கான முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். படிக்கப் போகும் நாட்டில் எடுத்தால் மட்டும் போதாது. வேலை பார்க்கப்போகும் நாட்டின் ஆணையம் கொடுக்கிற சான்றிதழ் வேண்டும். நிறப்பார்வைக் குறையோ இதயத் துடிப்பில் ஒரு சந்தேகமோ இருந்தால், அது பணம் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டிய செய்தி.

இனி பள்ளிக்கு வருவோம். நான் ஒரு பள்ளியை ஒரே ஒரு எண்ணை வைத்துத்தான் எடைபோடுவேன்: உங்கள் நிலையில் இருக்கும் மாணவர் போன மாதம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தார்? வகுப்பறை, விடுதி, சீருடை, சுவரில் மாட்டிய ஒப்பந்தப் படங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். வாரத்துக்கு மூன்று நான்கு முறை பறக்கிற பிள்ளை ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை பறக்கிற பிள்ளைக்கு முதல் அரை மணி நேரம் பழையதை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போய்விடும். லேண்டிங்கில் கை மறுபடியும் தடுமாறும். அந்த அரை மணி நேரத்துக்கும் காசு உங்களுடையதுதான்.

இந்த எண் எதனால் குறைகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் காரணம் விமானங்கள். “எங்களிடம் 30 விமானங்கள்” என்பார்கள். அதில் இன்று பறக்கக்கூடியவை எத்தனை? அமெரிக்காவில் பயிற்சிக்குப் பள்ளி கொடுக்கும் விமானம் ஒவ்வொரு 100 மணி நேரப் பறப்புக்கும் ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். நன்றாக ஓடுகிற விமானத்துக்கு அந்த 100 மணி சீக்கிரமே வந்துவிடும். பள்ளிக்குச் சொந்த மெக்கானிக்குகள் இருந்தால் சில நாளில் திரும்பி வரும். வெளியே கொடுத்து வரிசையில் நின்றால் வாரக்கணக்காகும்.

இதை அவர்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. விமானங்களின் பதிவு எண்களைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விமானம் என்றால் ‘என்’ எழுத்தில் தொடங்கும், கனடா ‘சி’, ஆஸ்திரேலியா ‘வி ஹெச்’, நியூசிலாந்து ‘இசட் கே’, தென்னாப்பிரிக்கா ‘இசட் எஸ்’. ஃப்ளைட்அவேர், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பாருங்கள். எது நேற்றுப் பறந்தது, எது ஒரு வாரமாகத் தரையை விட்டு எழவே இல்லை என்று தெரியும். எல்லாச் சிறிய விமானங்களும் இந்தத் தளங்களில் தெரிவதில்லை. ஆனால் அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்புகளில் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம் என்பதால் அங்கே படம் ஓரளவு நன்றாகவே கிடைக்கும். ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். எந்த ஆலோசகரும் சொல்லாத கதையை அது சொல்லும்.

இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாகக் கேளுங்கள். ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 இருபது இருக்கும், பைப்பர் செமினோலோ டைமண்ட் டிஏ42-வோ ஒன்றே ஒன்று இருக்கும். அந்த ஒன்று பழுதுபார்க்க ஹேங்கருக்குள் போய்விட்டால், படிப்பை முடிக்கும் தருவாயில் உள்ள அத்தனை பேரும் விடுதியில் வாடகை கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். படிப்பு நீண்டு போவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

அடுத்து பயிற்றுநர்கள். எங்களில் பலர் மணி நேரம் சேர்க்க வந்தவர்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2013-லிருந்து விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவும் விமானி சான்றிதழ்களில் மிக உயர்ந்ததான ஏடிபி வேண்டும். அதற்குப் பொதுவாக 1500 மணி நேரம் ஆகும் என்பதால் அந்த எண்ணை எட்டியதும் இளைஞர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் படிப்பின் நடுவில் மூன்று முறை பயிற்றுநர் மாறினால், புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் உங்களைப் புரிந்துகொள்ளவே இரண்டு மூன்று பறத்தல் எடுத்துக்கொள்வார். அங்கே ஒரு பயிற்றுநர் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம். ஒருவரிடம் ஆறு முழுநேர மாணவர்களுக்கு மேல் கட்டிவிடுகிற பள்ளியில் என் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

மூன்றாவது காரணம், தேர்வாளர். லைசென்ஸுக்கான பறத்தல் தேர்வான செக்ரைடு நடத்த தேதி கிடைக்காமல் வாரக்கணக்கில் நிற்பது அமெரிக்காவில் சாதாரணம். நிற்கும்போது கை மறக்கும், அதனால் சொந்தக் காசில் பறந்துகொண்டே இருக்க வேண்டும். முதல்கட்டமான பிரைவேட் பைலட் தேர்வுக்கு முந்தைய 2 காலண்டர் மாதங்களுக்குள் பயிற்றுநருடன் 3 மணி நேரத் தயாரிப்புப் பறத்தல் இருந்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. தேதி தள்ளிக்கொண்டே போனால் அதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சில பார்ட் 141 பள்ளிகளுக்குத் தாங்களே தேர்வு நடத்தும் அதிகாரம் இருக்கிறது. இருக்கிறதா, எந்தெந்தப் படிப்புக்கு என்று கேளுங்கள்.

கட்டணத்தைப் பற்றி. பள்ளி தருகிற மொத்தத் தொகை பெரும்பாலும் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மணி நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு. பிரைவேட் பைலட்டுக்குப் பார்ட் 61-ல் குறைந்தபட்சம் 40 மணி நேரம். 40-ல் முடிப்பவர்கள் அபூர்வம். மணிநேரக் கட்டணத்தில் எரிபொருள் சேர்ந்திருக்கிறதா, பயிற்றுநர் கட்டணம் தனியா, லேண்டிங் கட்டணம், தேர்வாளர் கட்டணம், தோற்றால் மறுதேர்வு, காப்பீடு, ஹெட்செட் என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

அந்த மணி நேரம் எப்படி எண்ணப்படுகிறது என்பது இன்னும் முக்கியம். காக்பிட்டில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒரு சின்ன எண் பெட்டி இருக்கும். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது நகரும். கடைசி இலக்கம் பத்தில் ஒரு மணி நேரம், அதாவது 6 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். ஃபீனிக்ஸ் டியர் வேலி, மெல்போர்னின் மூராபின் போன்ற நெரிசலான பயிற்சி விமான நிலையங்களில், ரன்வே முனையில் ஏழெட்டு விமானங்களுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போதும் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். டாக்சியில், அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போவதில், 18 நிமிடம் போனால் 0.3 மணி நேரம். ஒரு தடவைக்கு அது ஒன்றுமில்லை. படிப்பு முழுக்கக் கூட்டினால் தெரியும். நெரிசலுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு: கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுகிற ரேடியோ ஆங்கிலம் அங்கே தானாகப் படியும். எனவே நெரிசலான நிலையத்தை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. தரையில் சராசரியாக எவ்வளவு நேரம் போகிறது என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேட்டு, அதைக் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

வானிலையில் ‘வருடம் முழுக்க வெயில்’ என்ற வாசகத்துக்கு மயங்காதீர்கள். ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை வழக்கம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அரிசோனாவில் வானம் தெளிவு, ஆனால் கோடை வெப்பத்தில் சிறிய விமானம் மூச்சுத் திணறித்தான் ஏறும், அதனால் விடியுமுன்பே பறக்கத் தொடங்குவார்கள். நிஜ மேகத்துக்குள் நுழைந்து பழகும் வாய்ப்பும் அங்கே குறைவு. கனடாவில் குளிர்காலம் நாட்களைத் தின்னும், வட ஐரோப்பாவில் கோடையில் இரவே சுருங்கிவிடுவதால் இரவுப் பறத்தல் மணிகள் தள்ளிப்போகும்.

முடிந்தால் பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போங்கள். முடியாவிட்டால் அங்கே படிக்கிற ஒருவரை வீடியோ அழைப்பில் விமானங்கள் நிற்கும் இடத்துக்கு நடக்கச் சொல்லுங்கள். பள்ளி அறிமுகப்படுத்துகிற மாணவர் வேண்டாம், நீங்களாகத் தேடிப் பிடித்தவர் வேண்டும். கண்ணாடியில் பூச்சிக்கறை காய்ந்து கிடக்கிறதா? மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட் (அதிர்ச்சி தாங்கும் தண்டு) ஒழுங்காக நிற்கிறதா, அமுங்கித் தாழ்ந்து கிடக்கிறதா? தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா? பிறகு, பழுதுகளை எழுதும் பதிவேடு. அதுதான் எனக்கு முக்கியம். நல்ல பள்ளியின் பதிவேட்டில் பழுதுகள் நிறைய இருக்கும். “இடது பிரேக் மெத்தென்று இருக்கிறது”, “இரண்டாவது ரேடியோவில் இரைச்சல்” என்று மாணவர்கள் தயங்காமல் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் என்ன செய்தோம் என்று மெக்கானிக்கின் கையெழுத்து இருக்கும். வாரக்கணக்காக ஒரு வரிகூட இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் எனக்குப் பயம். பயிற்சி விமானத்தில் பழுதே வராமல் இருக்காது. எழுத விடுவதில்லை என்றுதான் அர்த்தம். அந்த மாணவரிடமே இன்னொன்றும் கேளுங்கள்: வானிலை பிடிக்கவில்லை என்று நீங்கள் ஒரு பறத்தலை ரத்து செய்தால் அபராதம் உண்டா? உண்டு என்றால் அங்கே போக வேண்டாம்.

அங்கீகாரத்தைப் பள்ளியின் கையேட்டில் பார்க்காமல் அரசின் பட்டியலில் பாருங்கள். அமெரிக்கா என்றால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு தரும் எஸ்இவிபி சான்று, ஆஸ்திரேலியா என்றால் அதே நோக்கத்துக்கான கிரிகோஸ் பதிவு, கனடாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்குத் தரும் டிஎல்ஐ எண். அமெரிக்காவில் மாணவர் விசா எம்-1-ஆ (தொழிற்பயிற்சி) எஃப்-1-ஆ (கல்விப் படிப்பு) என்பதையும் கேட்டுவிடுங்கள். எம்-1-ல் போய்விட்டு அங்கிருந்தபடியே எஃப்-1-க்கு மாற முடியாது. எம்-1-ல் படிப்புக்குப் பிந்தைய வேலைப் பயிற்சியும் அதிகபட்சம் ஆறு மாதம்தான்.

கடைசியாக, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். என்ன தள்ளுபடி கொடுத்தாலும் சரி. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திவாலாகி ஒரே நாளில் கதவைச் சாத்தியது. 2023-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பல பத்தாண்டுகள் இயங்கிய டேசைட் ஏவியேஷன் மூடியது. முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் பள்ளி பணம் தர வேண்டியவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். ஒப்புக்கொள்ளாத பள்ளி எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு, மாதம் ஒருமுறை உங்கள் பயிற்சிப் பதிவுகளின் நகலைப் பள்ளியின் முத்திரையோடு வாங்கி வையுங்கள், பறந்த மணிகளை எழுதும் லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துச் சேமியுங்கள். லைசென்ஸ் மாற்றும்போது உங்கள் நாட்டு ஆணையம் அந்த மணிகளைச் சரிபார்க்கக் கேட்கும். அன்றைக்குப் பள்ளி இருக்குமா, பதில் போடுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.