மாற்று ஃபைபரைச் செருகினால் 30 வினாடியில் நெட்வொர்க் படுத்தது: என் அனுபவம்

தரவு வட்டமடிக்காமல் இருக்க, சுவிட்சுகளுக்கு நடுவே உள்ள மிகையான பாதையை அடைத்து (பிளாக் செய்து) வைக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இரு கட்டடங்களுக்கு நடுவே உள்ள மாற்று ஃபைபரைச் செருகினால் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும், கழற்றினால் சரியாகிவிடும். சுவிட்சை மாற்றினேன், எந்த சுவிட்ச் தலைமை என்று தீர்மானிக்கும் பிரயாரிட்டியைத் திருத்தினேன், பலனில்லை. மூன்று நாள் போனது.

அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக 30 வினாடி: போர்ட் திறக்கும் முன் கடக்கும் இரு நிலைகளான லிசனிங் 15, லேர்னிங் 15. அதாவது, பிளாக் ஆகவேண்டிய போர்ட் திறந்துகொள்கிறது! கணக்கைப் பார்த்தால், அது அனுப்பிய பிபிடியு (ஸ்பேனிங் ட்ரீக்காக சுவிட்சுகள் அனுப்பிக்கொள்ளும் செய்தி) ஏறிக்கொண்டே போகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது பூஜ்யம். எதிரில் சுவிட்சே இல்லை என்று நினைத்துத்தான் போர்ட் திறந்திருக்கிறது. ஃபைபரின் ஓர் இழை செத்திருந்தது. நடுவில் ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைத்த மீடியா கன்வெர்ட்டர் அதை மறைத்து, சுவிட்ச் பக்கம் பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது.

இழையை மாற்றியதும் போர்ட் ஒழுங்காக பிளாக்கிங்குக்குப் போனது. லூப் கார்டு (loop guard) என்ற பாதுகாப்பு அமைப்பையும் போட்டுவிட்டேன். இனி இடையில் பிபிடியு நின்றாலும் போர்ட் திறக்காது. அப்பாடா!