சிங்கீதம் சீனிவாசராவ் படங்களை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது?

வெளியான வருட வரிசையில் மட்டும் பார்க்க உட்காராதீர்கள். 1931-இல் நெல்லூர்ப் பக்கம் உதயகிரியில் பிறந்து, 1972-இல் தெலுங்கில் முதல் படம் எடுத்து, அப்புறம் தமிழ், கன்னடம் என்று மாறிமாறிப் போன மனிதர் அவர். வரிசையாகப் போனால் ஒரு சோகம், ஒரு குடும்பக் கதை, ஒரு அடிதடிக் காமெடி, ஒரு மாயாஜாலம் என்று தலைசுற்றி, 'இவருக்குன்னு பாணியே இல்லையா?' என்று எழுந்து போய்விடுவீர்கள். என் கணக்கில் அவருடைய பாணி வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் தனக்குத்தானே ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு, அதை அவிழ்த்துக் காட்டுவார். அதைத் தேடிப் பாருங்கள்.

'பேசும் படம்' (1987) தான் சரியான தொடக்கம். முடிச்சு பளிச்சென்று தெரியும்: வசனமே கிடையாது. ஊமைப்படம் என்று நினைத்துவிட வேண்டாம், சத்தம் எல்லாம் உண்டு, பேச்சு மட்டும்தான் இல்லை. பேசாமல் இருப்பதற்கு எந்தப் பாத்திரமும் சாக்கு சொல்லாது, நமக்கும் பத்து நிமிஷத்தில் அது மறந்துபோகும். டினு ஆனந்த் பனிக்கட்டிக் கத்தியோடு அலையும் காட்சிகளில் செல்போனைத் தொடாதீர்கள், ஒரு நொடி கண்ணை எடுத்தால் ஒரு ஜோக் போச்சு.

அடுத்து 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990). இரண்டையும் இரண்டு தடவை பார்க்கணும். முதல் தடவை சிரிக்க. இரண்டாம் தடவை, முதல் படத்தில் குள்ளக் கமலான அப்பு வரும்போது சட்டகத்தின் அடிப்பகுதியை மட்டும் கவனியுங்கள். கால் எப்போது தெரிகிறது, எப்போது மேஜையோ ஆளோ மறைக்கிறது என்று பார்த்தாலே பாதி வித்தை புரியும். நாலு கமல் வரும் 'மைக்கேல்' படத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று நமக்கு ஒரு இடத்திலும் குழம்பாது, படத்தில் இருப்பவர்களுக்குத்தான் குழம்பும். கிரேஸி மோகன் வசனத்தைப் புகழ்கிற வேகத்தில் இதை விட்டுவிடுகிறோம்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தோன்றினால், 1957-இன் 'மாயா பஜார்' போடுங்கள். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டு வரும் படம்தான். அதன் இயக்குநர் கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக இவர் வேலை செய்த படம். அந்தச் சூட்டோடு 'ஆதித்யா 369' (1991): கால இயந்திரம் ஏறி கிருஷ்ணதேவராயர் அரசவைக்குப் போகிற தெலுங்குப் படம். கிராபிக்ஸ் இன்றைக்குப் பழசுதான், கதை பழசாகவில்லை.

நடுவில் ஒருநாள், மனசு அமைதியாக இருக்கும்போது, ராஜாஜி கதையை வைத்து எடுத்த 'திக்கற்ற பார்வதி' (1974). குடி ஒரு வீட்டை எப்படித் தின்கிறது என்பதைச் சொல்லும் படம், தேசிய விருது வாங்கியது. மற்ற படங்களோடு ஒரே நாளில் பார்க்காதீர்கள், அதற்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

'மகளிர் மட்டும்' (1994) கடைசிக்கு இருக்கட்டும். அதில் நாகேஷ் பிணமாக வருவார். அவருக்கும் வசனம் கிடையாது.