பென்ட்லாண்ட் மலைகளில் முதல் நடை: புதியவர்களுக்கு மூன்று வழித்தடங்கள்

எடின்பரோவின் தெற்கு ஓரத்தில் வீடுகள் முடிகிற இடத்திலேயே பென்ட்லாண்ட் மலைகள் தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 32 கி.மீ. நீளும் இந்தத் தொடரின் வடபகுதியை 1986-இல் வட்டாரப் பூங்காவாக அறிவித்தார்கள். இருப்பதிலேயே உயரமான சிகரம் ஸ்கால்ட் லா, 579 மீட்டர். எண்ணைப் பார்த்து இளக்காரமாக நினைக்க வேண்டாம். முகட்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மேகம் இறங்க அரை மணி நேரம் போதும். கீழே கடைத்தெருவில் டி-ஷர்ட்டோடு மக்கள் திரியும் நாளில் மேலே கையுறை தேடுவீர்கள்.

இருந்தாலும் மலைநடை பழக இதைவிட நல்ல இடம் ஸ்காட்லாந்தில் குறைவு என்பேன். காரணம், முக்கியமான முகட்டுக்குக் கீழே, அதற்கு இணையாக ஒரு பள்ளத்தாக்கும் அதில் ஒரு தார்ச்சாலையும் ஓடுகின்றன. முடியவில்லை என்றால் பாதியிலேயே கீழே இறங்கிவிடலாம். புதிதாக நடப்பவருக்குச் சிகரத்தைவிட இந்த இறங்கும் வழிதான் முக்கியம். கீழே உள்ள மூன்று தடங்களையும் அதை வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: வரைபடத்தை வீட்டிலேயே படியுங்கள்

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் 344 என்ற தாள் இந்தப் பகுதிக்கானது. அளவு 1:25,000, அதாவது தாளில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. மேலே ஓடும் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றும் 1 கி.மீ. பக்கமுள்ள சதுரம், அதனால் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போவது சம உயரக் கோடுகள். அவை நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு. பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்ததுதான். அது உதவுகிற இடம் இது.

கைபேசிச் செயலிகள் நல்லவைதான். ஆனால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. தாளும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.

தடத்தைத் தேர்ந்தெடுத்ததும் பென்சிலால் மூன்று இடங்களைக் குறியுங்கள்: தொடங்கும் இடம், திரும்பும் இடம், நடுவில் இறங்கிவிடக்கூடிய இடம். மூன்றாவதைக் குறிக்க முடியவில்லை என்றால் அந்தத் தடம் இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: நேரக் கணக்கு

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். இன்றும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 நிமிடம் சேர்க்க வேண்டும். 10 கி.மீ. நடை, 470 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி நேரமும் 47 நிமிடமும்.

இதில் ஓய்வு கிடையாது, சாப்பாடு கிடையாது, போட்டோ எடுப்பதும் கிடையாது. நல்ல கால்கள் உள்ளவருக்கான கணக்கு. புதியவர்கள் வரும் விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நடைக்கு 4 மணி 10 நிமிடம் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் பகல் வெளிச்சத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் எடின்பரோவில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் 3.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் "மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்" என்ற திட்டமே செல்லாது. முதல் நடைக்கு மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே நல்லது.

படி 3: வானிலையில் எதைப் பார்ப்பது

நகரத்துக்கான வானிலை அறிக்கை போதாது. பிரிட்டனின் வானிலை அலுவலகமும், மலைகளுக்கென்றே இயங்கும் எம்.டபிள்யூ.ஐ.எஸ். சேவையும் தனி மலை அறிக்கை தருகின்றன. இரண்டாவதில் தெற்கு மலைப்பகுதிக்கான பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பலரும் மழையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது காற்று, அப்புறம் மேகத்தின் அடிமட்டம், கடைசியாகத்தான் மழை. மழைக்கு ஜாக்கெட் இருக்கிறது. மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றில் முகட்டின் மேல் நேராக நிற்பதே பாடு. மேகம் 400 மீட்டருக்கு இறங்கிவிட்டால் நீங்கள் பார்க்க வந்த எதுவும் தெரியாது, பாதையும் சேர்ந்து மறையும். அப்படிப்பட்ட நாளில் கீழே வரும் முதல் தடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். நாளும் வீணாகாது.

படி 4: உடையும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஒரே தடிமனான கோட்டுக்குப் பதில் அடுக்கடுக்காக அணிவது. காலணியின் அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். இங்கே புல்சரிவு நனைந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி வழுக்கும்.

பையில் குடிநீர், சாப்பாடு, கூடுதலாக ஒரு சூடான உடை, தொப்பி, கையுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில். சாப்பாட்டில் ஒரு சொந்த அபிப்பிராயம்: புளிசாதம் அந்தக் குளிரில் விறைத்துப்போய் வாயில் ஒட்டாது, கையுறையைக் கழற்றாமல் சாப்பிடவும் முடியாது. சப்பாத்தியைச் சுருட்டிக் கொண்டுபோவதே மேல். ஃப்ளாஸ்கில் தேநீர் இருந்தால் ராஜயோகம்.

படி 5: முதல் தடம், நீர்த்தேக்கங்களின் ஓரம்

ஏ702 சாலையில் உள்ள ஃப்ளாட்டர்ஸ்டோனில் தொடங்குங்கள். வாகன நிறுத்தம் உண்டு. வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். பேருந்தில் வருவதானால் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

அங்கிருந்து தார்ச்சாலை பள்ளத்தாக்குக்குள் போகிறது. கொஞ்ச தூரத்திலேயே க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கம் வரும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியது. இடைக்காலத்துத் தேவாலயம் ஒன்றின் இடிபாடுகள் இதன் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. அதைத் தாண்டி லோகன்லீ நீர்த்தேக்கம். அதன் மேற்கு முனை வரை போய் அதே வழியில் திரும்பினால் சுமார் 10 கி.மீ. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

சும்மா நடந்துவிட்டு வராதீர்கள். போகும்போது இடப்பக்கம் நிமிர்ந்து பாருங்கள். டர்ன்ஹவுஸ், கார்னெத்தி, ஸ்கால்ட் லா மூன்றும் வரிசையாக நிற்கும். வரைபடத்தை விரித்து அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காணுங்கள். கார்னெத்திக்கும் ஸ்கால்ட் லாவுக்கும் நடுவில் தெரியும் தாழ்வை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது தடத்தில் அதுதான் உங்கள் இறங்கும் வழி.

படி 6: இரண்டாம் தடம், நகரத்துக்கு மேலே இரண்டு குன்றுகள்

நகரப் பேருந்தில் ஹில்எண்ட் வரை வரலாம். அங்கே செயற்கைப் பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறது. அதன் ஓரமாக ஏறினால் கேர்கெட்டன் முகடு, சுமார் 480 மீட்டர். முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். அவசரப்படாமல், பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கேர்கெட்டனிலிருந்து மேற்கே இறங்கி மறுபடி ஏறினால் அல்லர்மியூர், 493 மீட்டர். கீழே எடின்பரோ நகரம் முழுவதும், நடுவில் ஆர்தர்ஸ் சீட் குன்று, அதற்கப்பால் ஃபோர்த் முகத்துவாரமும் பாலங்களும் தெரியும். எது எது எந்தத் திசையில் என்று காட்டும் தட்டும் உச்சியில் உண்டு.

இறங்கும்போது இரண்டு குன்றுகளுக்கும் நடுவிலுள்ள தாழ்வுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து வடக்கே ஸ்வான்ஸ்டன் கிராமத்துக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். கேர்கெட்டன் உச்சியிலிருந்து நேராக வடக்கே இறங்கலாம் என்று தோன்றும். அந்தப் பக்கம் பாறைச் சரிவு, போகக் கூடாது. ஸ்வான்ஸ்டனில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் அப்படியே இருக்கின்றன. மொத்தம் 7 கி.மீ. போல. ஓய்வோடு 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசை வந்து தெற்கே காஸல்லா மலைப் பக்கம் நீட்டிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே ராணுவத் துப்பாக்கிச் சுடும் தளம் இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது.

படி 7: மூன்றாம் தடம், முகட்டு நடை

மறுபடி ஃப்ளாட்டர்ஸ்டோன். தார்ச்சாலையில் சிறிது தூரம் போனதும் இடப்பக்கம் கைகாட்டி வரும். ஓடையின் மேலுள்ள நடைபாலத்தைத் தாண்டிப் புல்சரிவில் ஏறுங்கள். டர்ன்ஹவுஸ் 506 மீட்டர்; நாளின் நீண்ட ஏற்றம் இதுதான், முதலிலேயே முடிந்துவிடுகிறது. இந்த மலையின் தென்கிழக்குச் சரிவில்தான் 1666 நவம்பர் 28-ஆம் தேதி ரல்லியன் கிரீன் சண்டை நடந்தது. அரசர் திணித்த திருச்சபை முறையை ஏற்காத கவனன்டர்கள் எடின்பரோ வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், டாம் டால்யெலின் அரசுப் படையிடம் இங்கே தோற்றார்கள். நவம்பர் கடைசியில் இந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அவர்கள் நிலைமை புரியும்.

அடுத்தது கார்னெத்தி, 573 மீட்டர். உச்சியில் பெரிய கற்குவியல், வெண்கலக் காலத்தது. உட்காரக் காற்றுக்கு மறைவாக ஒரு மூலை கிடைக்கும். கற்களை மட்டும் நகர்த்த வேண்டாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் இங்கே ஓட்டப்பந்தயம் நடக்கிறது. நாம் நடக்கத் திணறும் சரிவில் பனியில் ஓடுகிறார்கள். ஓடட்டும்.

கார்னெத்தியிலிருந்து கற்கள் உருளும் இறக்கம். குச்சி இருந்தால் நல்லது. கீழே வந்து சேரும் தாழ்வில் கிர்க் ரோடு என்ற பழைய பாதை முகட்டைக் குறுக்காகக் கடக்கிறது. இங்கே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். திட்டமிட்ட நேரத்துக்குள் வந்திருக்கிறோமா? ஸ்கால்ட் லா உச்சி கண்ணுக்குத் தெரிகிறதா? கூட்டத்திலேயே களைத்தவர் இன்னும் சிரிக்கிறாரா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வலப்பக்கம் இறங்குங்கள். லோகன்லீயில் தார்ச்சாலை, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழி. மொத்தம் 10 கி.மீ.யில் நடை முடிந்துவிடும்.

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் ஸ்கால்ட் லா, அதைத் தாண்டி ஈஸ்ட் கிப், வெஸ்ட் கிப். கடைசி இரண்டும் சிறியவைதான், ஆனால் தொடரிலேயே அழகானவை, கூர்மையாக நிற்பவை. வெஸ்ட் கிப்பிலிருந்து மேற்கே இறங்கி, குறுக்கே வரும் பாதையில் வலப்பக்கம் திரும்பி, க்ரீன் க்ளூக் என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியாக லோகன்லீக்கு வரலாம். முழுச் சுற்று 16, 17 கி.மீ., ஏற்றம் 700 மீட்டருக்கு மேல். ஆறரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 8: நடத்தையும் அவசரமும்

2003-இல் வந்த ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் மலையில் நடக்கலாம், தனியார் நிலமாக இருந்தாலும். அதற்காக இஷ்டப்படி அல்ல. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும். மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, அவர்களிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் அது சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். சிக்னல் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு முறை.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஹெதர் புதரிலும் உயரமான புல்லிலும் உண்ணிகள் உண்டு, சில லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பும். கடித்திருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போங்கள், மலைக்குப் போன தேதியையும் சொல்லுங்கள்.