இரண்டு கரண்டுக் கம்பத்துக்கு நடுவே ஒரு படம்

கையில் நல்ல போன் வந்ததும் சேலத்துக்காரர்கள் முதலில் செய்வது ஏற்காடு பஸ் ஏறுவது. 20 கொண்டை ஊசி வளைவு சுற்றிப் போய், மேலே லேடிஸ் சீட் என்கிற காட்சி முனையில் முன்னால் நின்றவர் எடுத்த அதே படத்தை நாமும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவோம். தப்பில்லை. ஆனால் படம் எடுக்கப் பழக மலை சரிப்படாது. அங்கே எல்லாம் ஏற்கெனவே அழகாக இருக்கிறது, நமக்கு வேலையே இல்லை. பழகுவதற்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து போதும்.

எனக்கு வீடு அம்மாப்பேட்டை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சுகர் வந்த பிறகு காலையில் நடக்கிறேன். நின்று நின்று படம் எடுத்தால் அது நடையில் சேருமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சேராதுதான். அதனால் போகும்போது கைவீசி வேகமாக நடந்து டாக்டர் கணக்கை முடித்துவிடுவேன். திரும்பும்போதுதான் போனை வெளியே எடுப்பது. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். மூச்சு அடங்கி நடை தளர்ந்த பிறகுதான், போகும்போது பார்க்காமல் விட்டதெல்லாம் கண்ணில் படும்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். முந்தானையே போதும். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் எதிர்வெயிலில் படம் முழுக்கப் பனிமூட்டம் போட்டுவிடும். அப்புறம் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். ஒரு வாட்ஸ்அப் வந்தால் போதும், அந்தத் தெருவை விட்டே போய்விடுவோம்.

நான் வைத்திருக்கும் ஒரே சட்டம்: ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஒரு படம். ஒன்றுதான். எடுத்தாக வேண்டும், ஒன்றுக்கு மேல் கூடாது. எங்கள் தெருவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே நாலைந்து வீடு இருக்கும். தண்ணீர்க் குடங்கள், சைக்கிள், வெயிலில் காயும் மெத்தை, கேஸ் சிலிண்டர், திண்ணையில் தூங்கும் நாய். இதில் எது என்று முடிவு செய்யத்தான் நேரம் பிடிக்கும். எதுவுமே தேறவில்லை என்று தோன்றினால் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். யாராவது கதவைத் திறப்பார்கள், வெயில் ஒரு அடி நகரும், வேறொன்று கண்ணில் படும். ஜூம் பண்ணாதீர்கள், கிட்டப் போங்கள்.

வெயில் பற்றிக் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். வைகாசியில் ஆறுக்கு முன்பே வந்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் தெற்குப் பார்த்த வீடுகளுக்குப் பகலெல்லாம் வெயில், எதிர்வரிசைக்கு நிழல். ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12.15 சுமாருக்கு நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆட்களை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான். வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.

இப்போது கோலம். எல்லோரும் எடுப்பது, யாருக்கும் சரியாக வராதது. நேர் மேலே நின்று குனிந்து எடுத்தால் நம் நிழலும் செருப்பும் சேர்ந்து விழும். காலை வெயில் தரையோடு படிந்து வரும்போது, வெயிலுக்குப் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். மாவு இழைக்கு ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழுந்து, கோடு மேடாகத் தெரியும். விரல் இடுக்கில் மாவு எங்கே தாராளமாக விழுந்தது, எங்கே கை வேகமாகப் போய் இழை தேய்ந்தது, எந்தப் புள்ளியைச் சுற்றும்போது தடுமாறியது என்பதெல்லாம் அந்த நிழலில் தெரியும். போட்டவரின் கையே படத்தில் வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். தண்ணீர் தெளித்த வாசல் கறுப்பாக இருப்பதால் அதை வெளுக்க வைக்கும்; கூடவே கோலமும் வெளிறி, இழை எல்லாம் ஒன்றாகப் பொங்கிவிடும். பெரும்பாலான போன்களில் திரையைத் தொட்டால் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும். அதைக் கீழே இழுங்கள், தரை தரையாகும் வரை. எங்கள் ஊர் வெண்பட்டு வேட்டி என்றால் நேர் எதிர். திரை முழுக்க வெள்ளை என்பதால் கேமரா பயந்து அழுக்கு வேட்டியாக்கிவிடும். அங்கே சூரியனை மேலே தள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கும் இதே வைத்தியம்தான்.

தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் நீள நூல்கள், நீட்டியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு முனையில் உட்கார்ந்து, நூல் மட்டத்துக்குப் போனை இறக்கி, நீளவாக்கில் எடுங்கள். இழைகள் எல்லாம் தூரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். பாவைத் தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். ஒரு இழை அறுந்தாலும் பிணைக்க வேண்டியது அவர்கள்தான்.

கேட்டுவிட்டு எடுங்கள். “அண்ணா, இந்தத் திண்ணையை ஒரு படம் எடுத்துக்கட்டுமாங்க?” என்றால் இங்கே பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றால் சந்தேகம் வரும். “ஏம்மா, வீட்டு வரி ஏத்த வந்திருக்கியா?” என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். தறியில் ஓடுவது புது டிசைன் என்றால் கேட்கவும் கேட்காதீர்கள். படம் வெளியே போனால் அடுத்த தெருவில் அதே சேலை வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. கொலுசுப் பட்டறைக்குள்ளும் வேண்டாம். அங்கே கிடக்கும் வெள்ளி யாரோ ஒருவரின் ஆர்டர். அது போனில் சுற்றுவதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார். பிள்ளைகளை எடுக்க அம்மாவிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்டால் உடனே விரலை விரித்து போஸ் கொடுத்துவிடும், படம் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்காதீர்கள். மறுநாள் பாருங்கள். அன்றைக்கே பார்த்தால் எடுக்கப் பட்ட பாடு நினைவிலிருக்கும், சுமாரான படத்தையும் அழிக்க மனசு வராது. ஆட்கள் நன்றாக விழுந்திருந்தால் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். பிரிண்ட் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகப்படும். அடுத்த முறை அந்தத் தெருவுக்குள் நுழையும்போது நாற்காலி வரும்.

சாயங்காலம் நடப்பவர்களுக்கு ஒரு விஷயம். தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் எங்கள் ஊர் தட்டுவடை செட் வண்டியில் எல்இடி பல்புக்குக் கீழே எடுத்தால் சில நேரம் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் வருவது அது. தட்டை வாங்கி, வெளிச்சம் கலந்து விழும் இடத்துக்கு இரண்டடி தள்ளி வந்து எடுங்கள். பீட்ரூட் துருவலின் சிவப்பும் சட்னியின் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். கோணம் பார்த்துக்கொண்டே நின்றால் தட்டுவடை நமுத்துவிடும் என்பதால், படத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று இரண்டு செட்டாகச் சொல்லிவிடுங்கள்.