பைலட் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

பைலட் படிப்பில் சின்ன செலவை முதலில் செய்யுங்கள், பெரிய செலவைக் கடைசியில் வையுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. மனையை அடமானம் வைத்து அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் பையனுக்கு நிறக்குருடு இருப்பது தெரியவருகிறது.

அதனால் முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) சோதனை எடுங்கள். கண், காது, ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதில் தேறியவர்கள் முதல் வகுப்பு (கிளாஸ் 1) சோதனைக்குப் போகலாம். நமக்கு வசதி பெங்களூருதான், விமானப்படையின் மருத்துவ மையமே அங்கே இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டும் இருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்தவர்கள் திறந்தவெளிப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறலாம்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் எண் (தேர்வு எழுதுவதற்கான பதிவு எண்) வாங்கி வழிகாட்டல் (நேவிகேஷன்), வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் தாள்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோ தேர்வு தனி. இவற்றைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஹாஸ்டல் வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிப்பது வீண்செலவு.

சரி, இப்போது பள்ளி. தொப்பூர் இறங்கினால் ஓமலூர், அங்கே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். வடக்கே போனால் பெங்களூரு ஜக்கூர் விமானத் தளம். (ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024-ல் அரசு அறிவித்தது. அதை நம்பி இப்போது திட்டம் போட முடியாது.) ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. முதல் பட்டியலில் ‘ஏ’ வகையில் ஒரு பள்ளிகூட வரவில்லை. விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

அப்புறம் நேரில் போய் ஒரு கணக்குப் போடுங்கள். சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். "பன்னிரண்டு மாசத்துல முடிச்சுடலாம் சார்" என்பார்கள். பறக்கும் நிலையில் இன்று எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 8 விமானம், 100 மாணவர்கள். ஒரு விமானம் நாளுக்கு 4 மணி நேரம், மழை, மூட்டம், ரிப்பேர் போக மாதம் 22 நாள் பறக்கிறது என்றால் மொத்தம் 704 மணி நேரம். ஒருவருக்கு மாதம் ஏழு மணி. 200 மணி முடிக்க 28 மாதம் ஓடிவிடும்! அந்தக் கூடுதல் 16 மாதத்துக்குத் தங்குமிடம், சாப்பாடு மாதம் 15,000 ரூபாய் என்றாலும் 2.4 லட்சம் கையை விட்டுப் போகும். ஷெட்டில் நிற்கும் விமானத்தையும் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள், கவனம். அலுவலகத்தில் கேட்டதோடு நிற்காமல் வெளியே டீக்கடையில் நிற்கும் சீனியர் மாணவர்களிடம் "போன மாசம் எத்தனை மணி பறந்தீங்க?" என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும்.

கட்டணம் பொதுவாக 40 முதல் 60 லட்சம் வரை. கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, இரட்டை எஞ்சின் விமான மணிகள், இரவுப் பறப்பு, தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல், எரிபொருள் விலை ஏறினால் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளியின் அங்கீகரித்த பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024-ல் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவாக்கிவிட்டது. பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உரிமம் வாங்கியதும் வேலை கிடைத்துவிடாது. ஏர்பஸ், போயிங் ஓட்ட டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) என்று இன்னொரு 15 லட்சம் அளவில் ஆகும். அதையும், வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தின் வீட்டுச் செலவையும் இன்றைய பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

கடன் என்றால் 7.5 லட்சத்துக்கு மேல் பெரும்பாலும் ஈடு கேட்பார்கள். இங்கேதான் நம் மாவட்டக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். மாந்தோப்பும் புஞ்சையும் விவசாய நிலம். கடன் தவணை நின்றுபோனால் வங்கி அதைச் சுலபமாக ஏலம் விட முடியாது என்பதால் வீடு, மனையைத்தான் விரும்புகிறார்கள். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே தயார் செய்யுங்கள். பட்டியலின, பழங்குடிக் குடும்பங்கள், அரூர், சித்தேரி பக்கம் இருப்பவர்கள் குறிப்பாக, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் சிபிஎல் படிப்பும் அதில் வரும். இது பலருக்குத் தெரியவே இல்லை.

மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை கேளுங்கள். பாதியில் விலகினால் மீதிப் பணம் எத்தனை நாளில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சேர்ந்த பிறகு லாக்புக்கில் (பறந்த நேரத்தைக் குறிக்கும் புத்தகம்) ஏறிய மணியையும் கட்டிய ரசீதையும் மாதாமாதம் ஒத்துப் பாருங்கள்.